நாற்பத்தேழாம் எண் கடிதம்

ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிறுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ரொட்டி வாங்கப் போன ரெகுலாவிடம், இத்தனை நாளாக அவள் பயந்துகொண்டிருந்த கேள்வியை ஸ்டூஸி கேட்டேவிட்டார்.

“என்னம்மா ரெகுலா, உன் வீட்டுக்காரன் கட்டாயத்துக்கு வர்றானா இல்லையா?”

“வராம எங்க போவாரு? லீவு கேட்டிருக்காராம்.”

“போன மாசமும் இதைத்தான் சொன்ன. சுடுற நாள் இன்னும் ஒண்ணுதான் மிச்சம், இந்த மாசக் கடைசி ஞாயிறு. ஊர்ல எல்லாரும் முடிச்சாச்சு. கண்ணு சரியா தெரியாத மாத்தியாஸ்கூட வந்து, பக்கத்து ஆளோட பலகையைச் சுட்டுட்டுப் போயிட்டான்.”

கடையில் நின்றிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ரெகுலாவும் சிரித்தாள். ரொட்டியைக் கூடையில் வைத்து, துணியால் மூடி, தெருவுக்கு வந்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினாள்.

ஸ்டூஸி ஊருக்கு ரொட்டிக்காரர் மட்டுமல்ல. இருபத்திரண்டு வருடமாகப் படைப் பதிவாளரும் அவரே. ஊரில் எந்த ஆண் எந்தப் படைப்பிரிவு, எவன் ஊரை விட்டுப் போனான், எவன் திரும்பினான் எல்லாம் அவர் ஏட்டில் இருக்கும். மாவு படிந்த அந்த விரல்களுக்குத் தெரியாமல் ஒருவன் லிந்த் பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாது என்று பெயர். ரெகுலாவின் கணவன் காஸ்பர் ஹெஃப்டி தாண்டியிருந்தான்.

அவன் ராணுவத் துப்பாக்கி படுக்கையறை அலமாரியில், அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. எல்லா வீட்டிலும் ஒன்று அப்படி நிற்கும். வருடம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு ஊர்த் திடலுக்குப் போய்க் குறிப்பலகையைச் சுட்டு, சிற்றேட்டில் முத்திரை வாங்க வேண்டும். சட்டம் அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் ‘கட்டாயம்’ என்று சுருக்கிவிட்டார்கள். யாரோடும் சண்டைக்குப் போகாத நாடு. ஆனாலும் சுடத் தெரியாத ஆண்பிள்ளை ஒருவன்கூட இருக்கக் கூடாது. அப்படிச் சுடக் கற்றவன் அடுத்த நாட்டுச் சண்டைக்குப் போனானோ, ராணுவ நீதிமன்றம், சிறை, குடியுரிமைகள் பறிப்பு. மே மாதம் மாகாணத் தலைநகர் க்ளாருஸில் ஊர்ச்சபை கூடும்போது வளையத்துக்குள் நின்று கை தூக்கி ஓட்டுப் போடும் உரிமைகூடப் போய்விடும். இந்தத் தர்க்கத்தில் ஏதோ இடிக்கிறது என்று ரெகுலாவுக்குப் பட்டதுண்டு. ஆனால் சட்டத்திடம் போய் அதை யார் சொல்வது?

காஸ்பர் பஞ்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். பொய் சொல்லத் தெரியாதவன். பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “ஸ்பெயினுக்குப் போறேன்” என்றான். அங்கே ஊர்கள்மீது விமானத்திலிருந்து குண்டு போடுவதைப் படித்துப் படித்து அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். ரெகுலா அழுதாள், கத்தினாள், இரண்டு நாள் பேசாமலிருந்தாள். மூன்றாம் நாள் அவன் கிளம்பினான். கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்து, குழலுக்குக் கொழுப்புத் தடவி, தகர டப்பாவை அவள் கையில் கொடுத்தான். “மாசம் ஒரு தடவை தடவிடு. துரு ஏறிடக் கூடாது. அரசாங்கத்துச் சொத்து.” அவளுக்கென்று அந்த அரை மணியில் கால் மணி ஒதுக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் மாதா மாதம் முதல் ஞாயிறு, அந்தக் கோபத்தோடேயே துப்பாக்கியைத் துடைத்துக் கொழுப்புத் தடவினாள்.

ஊரைப் பொறுத்தவரை அவன் எல்லைக்கு அப்பால் லியோனில் இருந்தான். சாயப்பட்டறையில் வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு பற்றிய அந்த வரியை அவளே சேர்த்தாள். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள்.

இப்போது அந்தப் பொய்க்குக் கெடு வந்துவிட்டது. கட்டாயத்துக்கு வராதவனை நவம்பரில் மூன்று நாள் பயிற்சிக்கு அழைப்பார்கள். அதற்கும் வராவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வரும். லியோனில் எந்தப் பட்டறை என்று கேட்கும். அப்புறம் ராணுவ வழக்கறிஞர். காஸ்பர் என்றைக்காவது உயிரோடு திரும்பி வந்தால், ரயில் நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போவார்கள். பதினொரு வாரமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. ‘உயிரோடு’ என்ற சொல்லை அவள் மனதுக்குள் எப்போதும் வேகமாகத் தாண்டிப் போனாள். சிறையைப் பற்றிக் கவலைப்படுவது எளிதாக இருந்தது; அதற்கு ஏதாவது செய்ய முடியும்.

செய்தாள். ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, காஸ்பர் எழுதுவது போல எழுத்துகளை வலப்பக்கம் சாய்த்து, ஒரு விண்ணப்பம் எழுதினாள். ‘லியோனில் வேலை மும்முரமாக இருப்பதால் இவ்வருடக் கட்டாயச் சுடுதலுக்கு வர இயலவில்லை. விலக்களிக்க வேண்டுகிறேன்.’ கையெழுத்துக்கு மட்டும் நாலு தாள் வீணானது. திங்கள்கிழமை அதை ஸ்டூஸியிடம் கொடுத்தாள்.

“எனக்கு வந்த கடுதாசிக்குள்ளயே வெச்சு அனுப்பியிருந்தாரு.”

ஸ்டூஸி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். ஏட்டைத் திறந்து எண் போட்டார். நாற்பத்தாறு. பிறகு நிதானமாகப் படித்தார்.

“முன்னாடியே கொடுத்திருந்தா நான் கடையில வெச்சுக் கேட்டிருக்க மாட்டேன்ல. சரி, விலக்குக் குடுத்துடலாம். அங்க சாப்பாடு இப்பவாவது பரவாயில்லையாமா?”

“அப்படியேதான் இருக்காம்.”

அன்று ரெகுலா வயிறார உருளைக்கிழங்கும் பச்சைப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டாள். ஆறு மாதத்தில் அவள் தட்டைக் காலி செய்தது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மாலை ரெகுலா பஞ்சாலை வேலை முடிந்து திரும்பும்போது ஸ்டூஸி ரொட்டி வண்டியை நிறுத்தி, இறங்காமலே பேசினார்.

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கடைக்குப் பின்பக்கமா வா. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி.”

“என்ன விஷயங்க?”

“வாம்மா.”

எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகப் பேசும் மனுஷர். அன்று அதோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தாள். இல்லை, லியோனில் யாரோ உறவுக்காரர் இருந்து காஸ்பரைத் தேடியிருப்பார்கள். இல்லை, காஸ்பரைப் பற்றி அதிகாரபூர்வமாக ஏதாவது தகவல் வந்திருக்கும். மூன்றாவதை நினைத்ததும் முதல் இரண்டும் நல்ல செய்தி போலத் தோன்றின. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே பின்கதவில் நின்றாள்.

ஸ்டூஸி அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பேரிக்காய் ரொட்டியின் மணம் அறை முழுக்க. மேசையில் ஏடு திறந்திருந்தது. பக்கத்தில் இரண்டு தாள்கள். ஒன்று அவள் எழுதியது.

“உட்காரு. ஒண்ணு கேக்கறேன். உன் வீட்டுக்காரனுக்கு எத்தனை கை?”

“என்னங்க?”

“திங்கக்கிழமை நாப்பத்தாறு. காஸ்பர் ஹெஃப்டி, கட்டாயத்துக்கு விலக்கு, லியோன்லேர்ந்து. நேத்து தபால்ல நாப்பத்தேழு. அதே காஸ்பர் ஹெஃப்டி, அதே கட்டாயம், அதே விலக்கு. ஆனா கையெழுத்து வேற, ஊரும் வேற.” இரண்டாம் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “எதுக்கு விலக்குக் குடுக்கறது, நீயே சொல்லு.”

ரெகுலா தாளை எடுத்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்த எழுத்துச் சாய்வை எவ்வளவு பாடுபட்டாலும் இன்னொருவரால் கொண்டுவர முடியாது.

‘எப்ரோ ஆற்றங்கரை, ஸ்பெயின். ஆகஸ்ட் 9, 1938. மதிப்புக்குரிய பதிவாளருக்கு. இவ்வருடக் கட்டாயச் சுடுதலுக்கு உரிய காலத்தில் வர இயலாததற்கு வருந்துகிறேன். முன்கூட்டியே தெரிவிக்காதது என் தவறு. இங்கே தினமும் சுட வேண்டியிருப்பதால் பயிற்சி குறைய வாய்ப்பில்லை. ஆனால் இங்குள்ள துப்பாக்கிகள் நம்முடையவை அளவுக்கு இல்லை. திரும்பியதும் விடுபட்டதை முழுவதுமாகச் சுட்டு முடிக்கிறேன். எனக்கு வழங்கப்பட்ட துப்பாக்கி என் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. அவள் கவனமானவள். குழல் சுத்தமாக இருக்கும். இப்படிக்கு, காஸ்பர் ஹெஃப்டி.’

அவள் முதலில் தேதியைப் பார்த்தாள். ஆகஸ்ட் ஒன்பது. அன்றைக்கு உயிரோடு இருந்திருக்கிறான். பதினைந்து நாள் முன்பு பேனா பிடித்திருக்கிறான். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது.

“எனக்கு ஒரு வரி எழுத நேரமில்ல. உங்களுக்கு மட்டும் விண்ணப்பம்.”

“உனக்கு எழுதினா நீயும் மாட்டிக்குவன்னு பயந்திருப்பான்.”

“அப்ப இதை எழுதினா தான் மாட்டிக்குவோம்னு அந்த மரமண்டைக்குத் தோணலையா? ஜெயில்ல போடுற குத்தத்தைப் பண்ணிட்டு, பலகையைச் சுட வரலைன்னு மன்னிப்புக் கேக்கறாரு.”

ஸ்டூஸிக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். “அவனை எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்துல ஒரு கட்டாயம் தவறவிட்டதில்ல. குண்டு விழுற இடத்துல உட்கார்ந்துக்கிட்டு ஆகஸ்ட் முடியப்போகுதேன்னு கவலைப்பட்டிருக்கான்.”

“இதைக் க்ளாருஸுக்கு அனுப்பப் போறீங்களா?”

அவர் அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

“ரெகுலா, நான் ரொட்டி விக்கறவன். ஜெர்மன்காரன் பக்கம் பேசறவனும் வாங்கறான், ஸ்பெயின்காரனுக்காகக் கண்ணீர் விடறவனும் வாங்கறான். நான் எந்தப் பக்கமும் கிடையாது. நம்ம நாடு எப்படியோ அப்படித்தான் நானும். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. இது என் பேருக்கு வந்த கடுதாசி இல்ல, பதிவாளர் பேருக்கு வந்தது.”

“எரிச்சிடுங்க.”

“எண் போட்டாச்சேம்மா.” அவர் குரல் கெஞ்சுவது போலிருந்தது. “வந்த உறையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே எண் போடறவன் நான். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். நாப்பத்தேழு, காஸ்பர் ஹெஃப்டி, கடிதம். மையில எழுதியாச்சு. ஜனவரியில க்ளாருஸ்லேர்ந்து கமாண்டர் வந்து ஒவ்வொரு எண்ணுக்கும் தாள் இருக்கான்னு விரல் வெச்சுப் பார்ப்பாரு. நாப்பத்தாறு இருக்கும், நாப்பத்தெட்டு இருக்கும், நடுவுல ஓட்டை இருந்தா நான் என்ன சொல்லுவேன்? எலி தின்னுடுச்சின்னா?”

ரெகுலா ஏட்டைப் பார்த்தாள். நாற்பத்தேழு. காஸ்பர் ஹெஃப்டி. கடிதம். என்ன கடிதம் என்று எழுதியிருக்கவில்லை. அவளுக்கு உடனே பிடிபட்டது. அவருக்கும் அது தெரியும் என்பதும் பிடிபட்டது. தெரிந்துதான் காலை ஆறு மணிக்கு, அடுப்பு எரியும் நேரத்தில் வரச் சொல்லியிருக்கிறார்.

“அந்த எண்ணுக்கு ஏதாவது ஒரு கடுதாசி இருந்தா போதுமா?”

ஸ்டூஸி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, வெள்ளைத் தாளையும் பேனாவையும் வெளியே வைத்தார். கவசத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“கடையைத் திறக்கணும். இந்த நேரத்துக்கு நாலு பேர் வருவாங்க. நான் வர்றதுக்குக் கால் மணி ஆகும்.” வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “ரொட்டி கருகிடாம பாத்துக்க. கதவு கொஞ்சம் இறுக்கம், துணியால பிடிச்சுத் திற.”

கால் மணி. காஸ்பர் துப்பாக்கிக்குக் கொடுத்ததில் பாதி.

அவள் முதலில் எழுதி முடித்தாள். ‘முந்தைய விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக, பட்டறை முதலாளி இவ்வருட முடிவு வரை விடுப்புத் தர இயலாது என்று கூறிவிட்டதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கையெழுத்து இந்த முறை நன்றாக வந்தது. கண்ணெதிரே அசல் இருந்தது. கடைப்பக்கத்தில் ஸ்டூஸி யாரையோ கிண்டல் செய்து சிரிப்பது கேட்டது. பிறகு காஸ்பரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன் நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். அவன் உயிரோடு இருப்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி இந்தத் தாள். இதைப் போட்டுவிட்டால் ஆகஸ்ட் ஒன்பதும் போய்விடும். போடாவிட்டால் அவன் வரும் நாளில் சிறை. ‘வரும் நாள்’ என்று நினைத்தவுடன் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வரட்டும். வந்து, இந்த மேசையில் உட்கார்ந்து, மரமண்டை என்று அவளிடம் திட்டு வாங்கட்டும். அதற்கு வழி திறந்திருக்க வேண்டும்.

கடைசி மூன்று வரிகளையும் கையெழுத்தையும் மட்டும் கிழித்துக்கொண்டாள். துப்பாக்கி என் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. அவள் கவனமானவள். குழல் சுத்தமாக இருக்கும். அதில் ஊர் இல்லை, தேதி இல்லை, யார் பார்த்தாலும் ஆபத்தில்லை. மீதியை அடுப்பில் போட்டாள். எப்ரோ ஆற்றங்கரைதான் முதலில் எரிந்தது. ரொட்டி கருகவில்லை.

ஸ்டூஸி திரும்பி வந்து புதுத் தாளை எடுத்துப் பார்த்தார். மேல் மூலையில் எண்ணை எழுதினார்.

“காஸ்பருக்கு மை கொட்டுற பழக்கம் கிடையாதே.”

“லியோன்ல பேனா சரியில்லையாம்.”

“எல்லாமே சரியில்லாத ஊரா இருக்கே,” என்று சொல்லிவிட்டு, ஒரு பேரிக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றி அவள் கையில் வைத்தார். “போ. ஆலைச் சங்கு ஊதப்போகுது.”

அன்றிலிருந்து ரெகுலாவின் பயம் ஜனவரி மாதத்துக்கு இடம் மாறியது. எண்களின் மேல் ஒரு விரல் நகர்ந்து வருவதை ஆலையில் அறுந்த நூலை முடியும்போதெல்லாம் பார்த்தாள். நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து. ஒரு நாள் சந்தையில் ராணுவச் சீருடையில் ஒருவரைப் பார்த்து, வாங்க வந்ததை மறந்து வீடு திரும்பினாள். கிழித்த துண்டைக் கொழுப்பு டப்பாவின் மூடிக்குள் வைத்திருந்தாள்.

ஜனவரிக்கு முன் டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு மாலையில் மார்ட்டி என்ற ஒருவன் கதவைத் தட்டினான். விண்டர்தூரில் தச்சனாம். ஸ்பெயினிலிருந்து திரும்பியவனை எல்லையிலேயே விசாரித்துப் பெயர் எழுதிக்கொண்டு, வழக்கு வரும்வரை வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நீங்கதான் காஸ்பரோட வீட்டுக்காரம்மாவா?”

அவன் தொப்பியைக் கையில் வைத்திருந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனாகச் சொல்லட்டும் என்று நின்றாள்.

“செப்டம்பர் பதினாலாம் தேதி. பீரங்கிக் குண்டு. அவர் கஷ்டப்படலை. நானேதான் புதைச்சேன். பாதாம் மரங்க இருந்துச்சு.”

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. ரெகுலா போய் அதை இறக்கி வைத்தாள்.

“அவர் எங்களை எல்லாம் கட்டாயத்துக்குக் கடுதாசி எழுதச் சொல்லுவாரு,” என்றான் மார்ட்டி. “நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் மட்டும் எழுதி, பாரிஸ் போற ஆள்கிட்ட குடுத்தாரு. வந்துச்சாங்க?”

“வந்துச்சு.”

“விசாரணையில அவர் பேரைச் சொல்லட்டுமா? இறந்தவர் பட்டியல்ல ஏறும். உங்களுக்கும் ஒரு காகிதம் கிடைக்கும்.”

அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. காஸ்பரை இனி யாரும் சிறையில் போட முடியாது. ஆனால் ஸ்டூஸியைப் போடலாம். “சொல்லாதீங்க,” என்றாள். “இங்க ஒருத்தர் அவருக்காகப் பொய்யான காகிதம் வெச்சிருக்காரு.”

மார்ட்டி போன பிறகுதான் அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரு நினைப்பு வந்து அவளைக் குத்தியது. இந்த மார்ட்டி நாலு மாதமோ ஐந்து மாதமோ சிறைக்குப் போவான். அவன் மனைவி வாரா வாரம் பொட்டலம் கட்டிக்கொண்டு போவாள், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டுவாள். ரெகுலாவுக்கு அந்தப் பெண்ணின்மேல் பொறாமை பொங்கியது. இத்தனை மாதம் எதற்குப் பயந்தாளோ, அது இப்போது கிடைக்காத வரமாகிவிட்டது.

ஜனவரியில் கமாண்டர் வந்து விரல் வைத்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. ஏடு ஒழுங்காக இருக்கிறது என்று ஸ்டூஸியைப் பாராட்டிவிட்டுப் போனார். ஸ்டூஸி அதைச் சொல்ல வந்தபோது ரெகுலா காஸ்பரின் சாவைச் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நெடுநேரம் கையிலிருந்த மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“துப்பாக்கியைத் திருப்பிக் குடுக்கணும்னா சாவுச் சான்றிதழ் வேணும்,” என்றார் கடைசியில். “ஏட்டுல அவன் லியோன்ல உயிரோட இருக்கானே.”

“இருக்கட்டும்.”

“நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன் ரெகுலா.”

“சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் வரப்போறாரா?”

அப்படியே விட்டார்கள். துப்பாக்கி அலமாரியில் நின்றது. அவள் மாதம் ஒருமுறை கொழுப்புத் தடவினாள். அடுத்த ஆகஸ்டில் லியோனிலிருந்து இன்னொரு விண்ணப்பம் வந்தது. ஸ்டூஸி ஒன்றும் பேசாமல் எண் போட்டார்.

அந்த விண்ணப்பத்தின் மை காய்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. செப்டம்பர் முதல் தேதி தேவாலய மணிகள் அடித்தன. சுவர்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஜெர்மன் படை போலந்துக்குள் போய்விட்டது. நாட்டின் எல்லையைக் காக்க எல்லா ஆண்களும் நாளை துப்பாக்கியோடு க்ளாருஸ் மைதானத்தில் கூட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களும் உடனே திரும்ப வேண்டும். லியோன் ஒரு நாள் ரயில் பயணம்தான்.

ஸ்டூஸி மூச்சிரைக்க வந்தார். “நாளைக்குப் பேர் கூப்பிடுவாங்க. இவன் வரலைன்னா ஓடிப்போனவன்னு எழுதிடுவாங்க. சொந்த நாட்டுக்கு ஆபத்து வந்தப்ப வராத பய.”

ஓடிப்போனவன். பலகையைச் சுட வரவில்லை என்று குண்டுமழையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டவன். ரெகுலா இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பாத்திரத்தை மூடி வைத்தாள். அலமாரியைத் திறந்தாள்.

மறுநாள் காலை ரயிலில் அவள் ஒருத்திதான் துப்பாக்கியோடு இருந்த பெண். மாத்தியாஸ் கேட்டான்: “காஸ்பர் நேரா அங்க வந்துடறானா?” அவள் தலையசைத்தாள். எந்தப் பக்கம் அசைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மைதானத்தில் மேசை போட்டு ஒரு இளம் அதிகாரி பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூஸி. அவர் முகம் மாவைவிட வெளுத்திருந்தது.

“ஹெஃப்டி, காஸ்பர்.”

ரெகுலா வரிசையை விலக்கிக்கொண்டு போய், துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள்.

“இது அவரோடது. அவர் செத்துட்டாரு. போன வருஷம் செப்டம்பர் பதினாலு, ஸ்பெயின்ல, எப்ரோ ஆத்தங்கரையில. லியோன்னு நான்தான் பொய் சொன்னேன். அவர் கையெழுத்தை நான்தான் போட்டேன். ஓடிப்போனவர்னு மட்டும் எழுதிடாதீங்க.”

ஸ்டூஸி ஓரடி முன்னால் வந்தார். “ஐயா, அந்தக் கடுதாசிக்கு எண் போட்டது நான். தெரிஞ்சேதான் போட்டேன். எழுதிக்குங்க.”

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முன்னால் இன்னும் இருநூறு பெயர்கள் இருந்தன. “அதெல்லாம் இப்போ யாருக்கு நேரம்,” என்றார் ஸ்டூஸியிடம். ஒரு வருடம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் எதற்கு நடுங்கினார்களோ அது இவ்வளவுதான். அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். “செத்ததுக்கு ஏதாவது காகிதம் இருக்காம்மா? அவர் அங்க இருந்ததுக்காவது?”

அவள் கையோடு கொண்டுவந்திருந்த கொழுப்பு டப்பாவைத் திறந்து, மூடியிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். கொழுப்புப் படிந்து அது கண்ணாடிபோல ஆகியிருந்தது. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஊரும் இல்ல, தேதியும் இல்லையேம்மா. மேல்பாதி எங்க?”

“நான்தான் எரிச்சேன்.”

“ஏன்?”

“அவர் திரும்பி வருவாருன்னு.”

அதிகாரி துண்டைப் பத்திரமாக மடித்து அவளிடமே கொடுத்தார். துப்பாக்கியை எடுத்து, பூட்டைக் கழற்றி, குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு,” என்றார்.

பிறகு குனிந்து, காஸ்பர் ஹெஃப்டி என்ற பெயருக்கு எதிரே எழுதினார். ரெகுலா தலைகீழாகவே அதைப் படித்தாள். துப்பாக்கி வந்தது. ஆள் வரவில்லை.

அவர் மையை ஒற்றிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.